தாணுமாலயன் அண்ணனின் கொக்கோவில் கடல்

தாணுமாலயன் அண்ணன் மீன் தின்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மூடி மூடி வைத்து உங்களைக் காக்க வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவர் மீன் தின்றது எங்கள் ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அது தெரியாததால் ஊர் மொத்தத்தின் கொக்கோவும் கப்பலேற முடியாமல் என் வீட்டு வராந்தாவில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

என் பெயர் விமலகுமாரி. ஆரியங்கோட்டில் கொக்கோ விவசாயிகள் குழுவுக்குச் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். எல்லார் வீட்டுக் கொக்கோவும் என் முற்றத்தில் காயும்; மழை வந்தால் நான் ஓடிப்போய் வார வேண்டும். என் வீட்டுக்காரர் ஜெயதாஸ் அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் இருப்பார்.

அண்ணன் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த நாளில் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் மனிதர் நேராகச் செங்கல் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போய், கத்தி வைக்காமல் கல் போய்விட்டால் வாழ்நாள் முழுக்க மீனும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். கல் போய்விட்டது. அதைக் கழுவி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு ஊரெல்லாம் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முன்னாலும் திறந்து காட்டினார். கடுகு அளவுகூட இல்லை.

சைவமாகிவிட்டால் சாந்தம் வரும் என்பார்கள். இவருக்கு வாய்தான் வந்தது. பஸ்ஸில் மீன் கூடை ஏறினால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி நடப்பார். எங்கள் வீட்டில் காப்பி கொடுத்தால் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, “விமலே, சாம்பலு போட்டுத் தேய்க்கப்படாதா?” என்பார். கல்யாண வீடுகளில் பந்தி பந்தியாகப் போய், கடல் ஜீவனின் பாவம் யாரை எப்படிப் பிடிக்கும் என்று உபதேசம் செய்வார். பஜனை கமிட்டிக்குத் தலைவராகவும் ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு வாயடிப்பவரைச் சும்மா விட்டால் தங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாரே என்ற பயம் ஊருக்கு.

இதில் எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் ஸ்ரீகுமாரி அக்காவை நினைத்துத்தான். அவருடைய மனைவி. பொழியூர் கடற்கரைப் பக்கம் பிறந்தவள். மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவள். நேர்ச்சை அவருக்குத்தான், இவளை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே மீன்சட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

“அவருக்க நேர்ச்சை எனக்கும் நேர்ச்சைதானே விமலே. ஒரே வீட்டில ஒருத்தருக்கு மீன் புளிமுளம், ஒருத்தருக்கு மோர்ப் புளிசேரின்னா நல்லா இருக்குமா?”

இப்படியே பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது. நான் சாளை மீன் பொரிக்கும் நேரத்தில் அக்கா என்னவாவது கேட்டு வருவாள். தீப்பெட்டி கேட்டு வருவாள், வெட்டுக்கத்தி கேட்டு வருவாள். கேட்டது கையில் கிடைத்த பிறகும் அடுக்களை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். ஒரு துண்டு தின்னுங்க அக்கா என்றால், “சீ, வேண்டாம்” என்று போய்விடுவாள். எனக்கு அன்று சோறு இறங்காது.

இனி அண்ணனின் கூத்தைக் கேளுங்கள். நேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நாக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவர் எந்தக் கடையில் போய் உட்காருவார்? வக்கீல் குமாஸ்தா மூளை அல்லவா, அது வேலை செய்தது. மண்வெட்டியைத் தொட்டுப் பார்க்காத மனிதர் திடீரென்று மலைச்சரிவில் கிடந்த தன் தென்னந்தோப்பில் கொக்கோ நட்டார். நடுவில் ஒரு ஓலைக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே மௌன விரதம், யாரும் கிட்டே வரக்கூடாது என்று அறிவிப்பு.

கொக்கோவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழத்தை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைச் சதையோடு பெட்டியில் போட்டு, வாழையிலை மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைப்போம். அந்தப் புளித்த வாடை மூக்கில் குத்தும். அதன் பக்கத்தில் ஒரு வலை நிறையச் சாளையைப் பொரித்தாலும் வெளியே தெரியாது. அண்ணன் கொக்கோ நட்டதே அந்த வாடைக்காகத்தான். மீன்காரன் ராஜதாஸ் ஞாயிறு காலையில் மொபெட்டைச் சரிவுக்குப் பின்னால் நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் பொட்டலத்தை வேலிக்கு மேலே நீட்டுவானாம். கொட்டகையில் அடுப்பு, சட்டி, கறிவேப்பிலை எல்லாம் தயார். தின்று முடித்து முள்ளையும் தலையையும் வெளியே எறிந்தால் காக்கை கூட்டம் கூடிக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மரத்துக்கு ஒரு குழி என்று முறை வைத்துப் புதைத்தார். மீன் கழுவிய தண்ணீரும் அங்கேயே போனது.

நம் ஊரில் மீன் தண்ணீர் எல்லாரும் மரத்துக்கு ஊற்றுவதுதான். ஆனால் அடுக்களைக்குப் பின்னால் நிற்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவோம். சரிவில் நிற்கும் கொக்கோவுக்கு யார் வாளி சுமப்பார்கள்? அண்ணனின் மரங்கள் மட்டும் மதமதவென்று வளர்ந்தன. காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை மாதிரி. என்ன உரம் என்று கேட்டோம்.

“நாமஜபம்” என்றார். “மரத்துக்கும் காது உண்டு, பாத்துக்க.”

நாங்களும் நம்பினோம்! பக்கத்துத் தோட்டத்துப் பொன்னையன் தன் மரங்களுக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கட்டிப் பாட்டுப் போட்டான். என் ஜெயதாஸ் ஞாயிறு காலையில் சர்ச்சுக்கு வராமல் கொக்கோ மரங்களுக்குப் பைபிள் சங்கீதம் வாசிக்கப் போய்விட்டார். போதகர் என்னிடம், “உங்க வீட்டுக்காரரு எங்க?” என்று கேட்டதற்கு நான் என்ன சொல்ல? மரங்களுக்கு ஊழியம் செய்கிறார் என்றேன்.

அப்போதுதான் எங்கள் கொக்கோவுக்கு வெளிநாட்டில் ஒரு சாக்லேட் கம்பெனி கிடைத்தது. கொச்சியில் இருக்கும் அவர்களுடைய ஏஜெண்டு மூலம் பேச்சு. அந்த நாட்டுச் சட்டப்படி காட்டை அழித்து நட்ட இடத்தில் விளைந்த கொக்கோவை இறக்க முடியாதாம். நல்ல சட்டம், வேண்டியதுதான். எங்கோ பெரிய பெரிய காடுகளை வெட்டிக் கொக்கோ நட்டு, அதைக் கொண்டுவந்து நல்ல கொக்கோவோடு கலந்து விற்கிற கூட்டம் உண்டாம். அதைப் பிடிக்க ஒரு லேப். ஒவ்வொரு தோட்டத்தின் பருப்பையும் பொடி செய்து சோதிப்பார்கள். மரம் எந்த மண்ணைத் தின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது என்பது பருப்பில் தெரிந்துவிடும். சொன்ன ஊரும் பருப்பும் ஒத்துவராவிட்டால் களவு என்று அர்த்தம்.

லேப்பிலிருந்து வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போன பெண் அஜிஷா. நெய்யாற்றின்கரைக்காரி, அதனால் நம் பேச்சுத்தான் பேசுவாள். கொஞ்ச நாள் கழித்து எனக்கு போன் செய்தாள்.

“சேச்சி, எல்லாருக்க சாம்பிளும் சரியா உண்டு. தாணுமாலயன் அங்கிளுக்கது மட்டும் ஒத்து வரல்ல. அந்தப் பருப்பு ஆரியங்கோட்டில விளைஞ்சதே இல்ல.”

“பின்ன எங்க விளைஞ்சுது?”

“கடல்ல.”

“மக்களே, நீ காலத்த வல்லதும் சாப்பிட்டியா?” என்று கேட்டேன், வெறும் வயிற்றில் உளறுகிறாளோ என்று.

பாவம், அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். நைட்ரஜனிலும் கந்தகத்திலும் கனம் கூடினது, கனம் குறைந்தது என்று வகை உண்டாம். கடலில் வளர்ந்த உயிர்களில் கனம் கூடினது அதிகமாக இருக்கும். அண்ணனின் பருப்பில் அது ஏறிக் கிடக்கிறது. கடல் நடுவே ஏதோ தீவில் காட்டை வெட்டி நட்ட கொக்கோவை வாங்கி இவர் தன்னுடையது என்று கொடுத்திருக்கிறாரோ என்று மேலிடத்தில் சந்தேகம். காரணம் கிடைக்காவிட்டால் அப்படியே எழுத வேண்டியதுதான். மூட்டை எல்லாம் கலந்து கிடப்பதால் குழுவின் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும்.

பக்கத்துப் பாறசாலைக்கே பஸ்ஸில் போனால் வாந்தி எடுக்கிற மனிதர் தீவுக்கு எப்போது போனார்?

அஜிஷா நேரில் வந்தாள். குழுவே என் முற்றத்தில் கூடியது. அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“அங்கிள், மரத்துக்கு மீன் கழிவு வல்லதும் போடுவீங்களா?”

அன்றைக்கு அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் வாயைத் திறக்குமுன் நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம்.

“எம்மா, இந்த மனுசன் மீன்காரனுக்க ஹாரன் கேட்டாலே குளிக்கப் போவாராக்கும்” என்றான் பொன்னையன்.

நானும் சும்மா இருந்தேனா? “அவருக்க வீட்டுப் பூனையே பப்படம்தான் தின்னும்” என்றேன்.

ஸ்ரீகுமாரி அக்கா எழுந்து நின்று, “எங்க வீட்டில மீனுக்க பேரைக்கூட எடுக்கமாட்டோம் மோளே. அவரு அப்பிடிப்பட்ட மனுசன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தோம்.

பிறகு ஊர் மூளை வேலை செய்யத் தொடங்கியது. கடல் காற்று மலைமேல் ஏறி அவருடைய தோட்டத்தில் மட்டும் இறங்குகிறது என்றார் ஜெயதாஸ். ஜபம் செய்யும்போது அண்ணன் விடும் கண்ணீரின் உப்பு என்றாள் பஜனை கமிட்டியில் ஒருத்தி. பொன்னையன் இவர்களையெல்லாம் மிஞ்சினான். ஆதி காலத்தில் ஆரியங்கோடு கடலாக இருந்தது என்று சொல்லி மண்வெட்டியோடு அண்ணனின் தோட்டத்துக்குப் போனான். ஒரு மரத்தடியில் நாலு வெட்டு வெட்டியிருப்பான், சிப்பி ஓடு! இன்னும் வெட்டினால் இன்னும் சிப்பி. அவ்வளவுதான், ஊரே அங்கே திரண்டுவிட்டது. போனில் படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். கொக்கோ மரத்தடியில் நின்று அலைச் சத்தம் கேட்பதாகச் சிலர் சொன்னார்கள். அண்ணனும் வெட்கமில்லாமல் செத்துப்போன தாத்தாவைச் சாட்சிக்கு இழுத்து, “எங்க அப்பூப்பன் சொல்லியிருக்காரு, இங்க கப்பலு வந்து நிக்குமாம்” என்றார்.

“கடலு ஒருநாளு திரும்பி வரும். அன்னைக்கு எனக்க தோட்டம் பீச்சாக்கும்” என்றான் பொன்னையன். அவன் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அஜிஷா மண் எடுக்க மறுபடியும் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் அண்ணன் கொட்டகை முன்னால் கண்ணை மூடி மௌன விரதத்தில் இருந்தார். அவள் என்ன கேட்டாலும் வானத்தைக் காட்டினார். இன்றைக்குக் காரணம் கிடைக்காவிட்டால் சாயங்காலம் அறிக்கை போய்விடும் என்று அவள் என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் கெஞ்சினேன். அதற்கும் வானம்தான்.

அக்காவோடு சுற்றி நின்ற கூட்டத்திலிருந்து பொன்னையன் பெருமையாக ஒரு சிப்பி ஓட்டை அவளிடம் நீட்டினான். “பாரு மோளே, ஆதி காலத்துக் கடலு.”

அஜிஷா அதைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள். வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

“மாமா, இதில மஞ்சப்பொடி உண்டு” என்றாள். “ஒரு கறிவேப்பிலையும் ஒட்டியிருக்கு. ஆதி காலத்துக் கடல்ல தாளிச்சு ஊத்துவாங்களா?”

அவள் மெதுவாகத் திரும்பி, “அங்கிள், நீங்க மீன் தின்னுவீங்களா?” என்று கேட்டாள்.

அண்ணனின் கண் மூடியே இருந்தது. ஆனால் ஸ்ரீகுமாரி அக்கா அஜிஷாவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் கண்டதே இல்லை.

“என்ன சொன்னே நீ? எவனோ பொறாமைக்காரன் கொண்டு வந்து புதைச்சிருக்கான், அவரைக் கேவலப்படுத்த. பதினஞ்சு வருசமா நான் அவருக்கு வச்சு விளம்புதேன், எனக்குத் தெரியாதா? இன்னா, என் தாலியில தொட்டுச் சத்தியம் பண்ணுதேன். அவரு மீனு...”

தாலியைக் கையில் எடுத்துவிட்டாள்.

“ஸ்ரீ! வேண்டாம்!” என்று ஒரு அலறல். மௌன விரதம் அத்தோடு முடிந்தது. அண்ணன் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார். வேட்டி அவிழ்ந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. “சத்தியம் பண்ணாதே. நான்தான் தின்னேன். எல்லாம் நான்தான் தின்னேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அதைத் தன் கையாலேயே எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தார். அவர் பெயர் போனாலும் போகட்டும், அவள் பொய்ச் சத்தியம் செய்யக்கூடாது என்று அந்த ஒரு நொடி நினைத்தாரே, அதற்காக மட்டும் அவரை நான் மன்னித்தேன். மற்றதற்கு இல்லை.

அஜிஷாவுக்கு ஒரே சந்தோஷம். இனி அறிக்கையை ஒழுங்காக எழுதலாம் அல்லவா? பேனாவை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். லேப்புக்கு விவரம் வேண்டுமாம். பக்கத்தில் அக்கா நிற்பது அந்தப் பெண்ணுக்கு உறைக்கவே இல்லை.

“எந்தெந்த மீன் அங்கிள்?”

“சாளை.”

“சாளை மட்டும்தானா?”

“அயிலையும் உண்டு. நெத்தோலி.”

“சிப்பி?”

“உண்டு.”

“கொஞ்சு, இறாலு? ஓடு புதைச்சீங்களா?”

“ஓணத்துக்கு மட்டும்” என்றார் அண்ணன்.

“பெரிய மீன் வல்லதும்?”

அண்ணன் அக்காவைப் பார்த்தார். “நெய்மீன். கல்யாண நாளுக்கு.”

கல்யாண நாளுக்கு அக்கா வீட்டில் பாயசம் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இவர் ஜபம் முடிந்து நேரம் கழித்து வந்து, வயிறு சரியில்லை என்று படுத்துக்கொள்வார். அவள் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பாள். இதெல்லாம் எனக்கும் தெரியும். என் கையில் அப்போது ஒரு விறகு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

அஜிஷா மண்ணும் முள்ளும் ஓடும் அள்ளிக்கொண்டு போனாள். கணக்கு ஒத்துவந்துவிட்டது. காடும் அழியவில்லை, தீவும் இல்லை, கொக்கோ ஆரியங்கோட்டுக் கொக்கோதான் என்று அறிக்கை வந்தது. சரக்கு கப்பலேறியது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. இந்தத் தோட்டத்துக்குக் கடல் அடையாளம் என்று லேப்பில் பதிந்துவிட்டார்களாம். அடுத்த வருஷம் பருப்பில் கடல் இல்லாவிட்டால் மறுபடியும் ஒத்துவராது. அதனால் மீன் கழிவு தொடர்ந்து போட வேண்டும் என்று அஜிஷா போனில் கண்டிப்பாகச் சொன்னாள்.

ஸ்ரீகுமாரி அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சரி என்றாள். மறுநாள் காலையில் ராஜதாஸ் அவள் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தான், ஊருக்கே கேட்கும்படி. புதுச் சட்டியில் புளிமுளம் வைத்து, பெரிய இலை போட்டு, மரச்சீனிக் கிழங்கோடு உட்கார்ந்து தின்றாள். அண்ணனுக்குச் சோறும் புளிசேரியும்.

“நேர்ந்தது நீங்க” என்றாளாம். “எனக்கு நேர்ச்சை ஒண்ணும் இல்ல.”

இப்போது தினமும் அவள் தின்ற முள்ளையும் தலையையும் கழுவிய தண்ணீரையும் வாளியில் தூக்கிக்கொண்டு, அண்ணன் எங்கள் வீட்டு வழியாகச் சரிவு ஏறுகிறார். துண்டு மூக்கில் இல்லை. உண்மையான சைவம் இப்போதுதான். பஜனை கமிட்டியில் யாரும் அவரை விலகச் சொல்லவில்லை; அவர் உபதேசம் செய்வதை நிறுத்தியதே பெரிய புண்ணியம் என்று இருந்துவிட்டார்கள். நான் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். போகப் போக மனிதர் மெலிந்துபோனார். எனக்கே பாவமாக இருந்தது. ஒருநாள் அக்காவின் அடுக்களைக்குப் போய், “போட்டும் அக்கா. வயசான மனுசன். ஒரு துண்டு வச்சுக் குடுங்க. மீன் தின்னதுக்கு இவ்வளவு தண்டனை போதும்” என்றேன்.

அக்கா அயிலைக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“தின்னதுக்கா? மனுசனுக்கு நாக்கு உண்டுல்லா விமலே. அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல” என்றாள். அப்புறம் மசாலா தடவுவதை நிறுத்தினாள். “இத்தனை வருசத்தில ஒரு நாளு, ஒரேயொரு நாளு, ஒரு துண்டை இலையில சுருட்டிக் கொண்டு வந்து, ‘இன்னா ஸ்ரீ, தின்னு, யாருட்டயும் சொல்லாதே’ன்னு தந்திருந்தா, நானும் கூட நின்னு குழி வெட்டியிருப்பேனே.”

பின்வாசலில் வாளி எடுக்க வந்து நின்ற அண்ணனுக்கு அது கேட்டது. அவர் வாளியை எடுக்கவும் இல்லை, அங்கிருந்து போகவும் இல்லை.